எதை விடுவது? ஜாஸ் கிட்டார் கார்டுகள் பற்றி ஒரு குறிப்பு

ஒரகடத்தில் நான் குடியிருக்கும் மாடியில், பக்கத்து அறையில் நாலு பையன்கள் தங்கியிருக்கிறார்கள். எல்லாருக்கும் ஷிஃப்ட் வேலை. ஒருத்தர் தூங்கும்போது இன்னொருத்தர் கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்புவார். அவர்களில் தேனிப் பக்கத்துத் தம்பி ஒருவரிடம் ஒரு கிட்டார் இருக்கிறது. போன மாதம் மொட்டை மாடியில் வைத்துக் கேட்டார்.

"அண்ணே, ஜாஸ் கார்டெல்லாம் சின்ன வயசுலயே ஆரம்பிச்சாத்தான் வருமாமே? வீடியோல பாத்தா விரல் எங்கெங்கயோ போகுது. நமக்கு அதெல்லாம் வராதுல்ல?"

"வரும் தம்பி" என்று சும்மா சொல்லி வைத்தேன். அப்புறம் யோசித்தபோது, சும்மா சொன்னதுக்கே வரலாற்றில் நல்ல ஆதாரம் இருப்பது தெரிந்தது. அதைத்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் நம்ம ஊர் விஷயம் ஒன்று. பக்கத்திலேயே வல்லம் வடகால் சிப்காட்டில் யமஹாவின் இசைக்கருவித் தொழிற்சாலை இருக்கிறது. 2019-இல் உற்பத்தி தொடங்கியது. கீபோர்டும் அகூஸ்டிக் கிட்டாரும் அங்கே தயாராகின்றன. அதே பூங்காவில்தான் யமஹா பைக் தொழிற்சாலையும் இருக்கிறது. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். 1887-இல் ஜப்பானின் ஹமமட்சு ஊரில் டோராகுசு யமஹா ஒரு பள்ளிக்கூட ஆர்கனைப் பழுது பார்த்ததில் தொடங்கிய கதை அது. பைக் கம்பெனி 1955-இல்தான் தனியாகப் பிரிந்தது. பைக் டேங்கில் இருக்கும் அந்த மூன்று முள் சின்னம் வேறொன்றும் இல்லை, மூன்று இசைக்கவைகள். ஆக, கிட்டார் என்பது இந்தச் சாலையில் வெளியூர்ச் சரக்கு இல்லை.

இனி கார்டுக்கு வருவோம்.

1920-களின் அமெரிக்க நடன பேண்டுகளில் தாளம் பிடிக்க இருந்தது பாஞ்சோ. அதன் சத்தம் கணீரென்று கேட்கும், கிட்டார் சத்தம் அமுங்கிவிடும். 1925 வாக்கில் மைக் வைத்து மின்சார முறையில் ஒலிப்பதிவு வந்தபோது, மெல்லிய ஓசையும் இசைத்தட்டில் ஏறத் தொடங்கியது. வயலின்போல மேல்பலகை வளைந்த கிட்டார்களும் அதே காலத்தில் வந்தன. பாஞ்சோ மெல்ல மெல்ல ஒதுங்கியது.

ஆனால் பெரிய பேண்டில் வேறொரு சிக்கல் இருந்தது. பத்துப் பன்னிரண்டு ஊதுகருவிகள், பியானோ, டிரம்ஸ், டபுள் பேஸ். நடுவில் ஒரு அகூஸ்டிக் கிட்டார். ஆறு தந்தியையும் அழுத்தி வாசித்தால் கீழ் ஸ்வரங்கள் பேஸோடு மோதும், மேல் ஸ்வரங்கள் பியானோவோடு மோதும். மொத்தத்தில் எதுவும் தெளிவாகக் கேட்காது.

கவுன்ட் பேஸியின் பேண்டில் 1937-இல் சேர்ந்த ஃபிரெடி கிரீன் இதற்குக் கண்ட வழி, ஸ்வரங்களைக் குறைப்பது. பெரும்பாலும் மூன்று தந்திகள்தான். 6, 4, 3. அதிலும் ஒரு ஸ்வரத்தைத்தான் நன்றாகக் கேட்க விடுவார், மற்றதை விரலால் லேசாக அமுக்கிவிடுவார். ஒரு அளவுக்கு நாலு அடி. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இடக்கை அழுத்தத்தைத் தளர்த்துவார், ஓசை சட்டென்று நின்றுவிடும். ஆம்பிளிஃபயர் வந்த பிறகும் அவர் அகூஸ்டிக்கை விடவில்லை. தனி வாசிப்பு என்று பார்த்தால் தேடித்தான் பிடிக்க வேண்டும். 1987-இல் இறக்கும்வரை சுமார் ஐம்பது வருஷம் அதே பேண்டில் இதே வேலை.

இன்று எல்லா ஜாஸ் கிட்டார் பாடத்திலும் முதல் பக்கத்தில் வரும் 'ஷெல் கார்டு' இதே வழியில் வந்ததுதான். ஒரு கார்டின் அடி ஸ்வரம், மூன்றாவது, ஏழாவது. ஐந்தாவதை விட்டுவிடலாம். கார்டு மேஜரா மைனரா என்று சொல்வது மூன்றாவது, அதன் நிறத்தைச் சொல்வது ஏழாவது. சாதாரண ஐந்தாவது புதிதாக எதுவும் சொல்வதில்லை.

கையில் கிட்டார் இருந்தால் பாருங்கள். தந்திகளை மெல்லியதிலிருந்து 1, 2 என்று எண்ணுகிறேன்.

டி மைனர் செவன்: 5-ஆம் தந்தியில் 5-ஆம் கட்டம், 4-இல் 3, 3-இல் 5.

ஜி செவன்: 6-ஆம் தந்தியில் 3, 4-இல் 3, 3-இல் 4. நடுவில் இருக்கும் 5-ஆம் தந்தி ஒலிக்காதபடி விரல் நுனியால் தொட்டுக்கொள்ள வேண்டும்.

சி மேஜர் செவன்: 5-ஆம் தந்தியில் 3, 4-இல் 2, 3-இல் 4.

ஜாஸில் ஆயிரக்கணக்கான பாட்டுகள் திரும்பத் திரும்ப வந்து நிற்கும் இடம் இந்த மூன்று கார்டு வரிசை. இப்போது சி-யை ஸட்ஜமாக வைத்து 4-ஆம், 3-ஆம் தந்திகளை மட்டும் பாருங்கள். முதலில் ம–ச. அடுத்தது ம–நி. கடைசியில் க–நி. ம அப்படியே நிற்க, ச ஒரு கட்டம் இறங்கி நி ஆகிறது. பிறகு நி நிற்க, ம ஒரு கட்டம் இறங்கி க ஆகிறது. சங்கராபரண ஸ்வரங்களேதான். கார்டு மாறும்போது கையில் நடப்பது இவ்வளவுதான். கீழே அடி ஸ்வரம் மட்டும் இடம் மாறுகிறது.

அடுத்த பாடம் 'டிராப் 2'. ச க ப நி நாலையும் அடுத்தடுத்து அடுக்கினால் பியானோவில் சுலபம், கிட்டாரில் விரல் நீளாது. அதனால் மேலிருந்து இரண்டாவதான ப-வை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவிடுவது. ப ச க நி. 4, 3, 2-ஆம் தந்திகளில் 5-ஆம் கட்டம், 1-ஆம் தந்தியில் 7. கைக்குள் அடங்கிவிட்டது. பார்க்கப் பயமாக இருக்கும் பல கார்டுகள் இப்படிக் கைக்கு வசதியாக மாற்றி அடுக்கியவைதான்.

இங்கேதான் தம்பியின் கேள்விக்கு நேர் பதில் வருகிறது.

பென்னி குட்மேன் குழுவில் 1939-இல் சேர்ந்து எலக்ட்ரிக் கிட்டாரை முன்வரிசைக்குக் கொண்டுவந்தவர் சார்லி கிறிஸ்டியன். 1942-இல், 25 வயதில் இறந்துபோனார். அவர் இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் இண்டியானாபொலிஸில் வெஸ் மான்ட்கோமரி ஜாஸ் கிட்டாரை எடுத்தார். அப்போது வயது இருபதை ஒட்டி. இசைக்குறிப்பு படிக்கத் தெரியாது, கேட்டுக் கேட்டே பிடித்தார். பின்னாளில் பெரிய குடும்பம். பகலில் தொழிற்சாலை வேலை, ராத்திரி கிளப்பில் வாசிப்பு, அது முடிந்ததும் விடியும்வரை இன்னொரு கிளப். பெயர் சொல்லும்படியான முதல் ஆல்பம் 1959-இல் வந்தபோது வயது 36.

அவர் பிக் பிடிக்காமல் கட்டைவிரலால் வாசித்தது உலகப் பிரசித்தம். அதற்கு அவரே சொன்ன காரணம், வீட்டில் வாசித்தால் அக்கம்பக்கத்தில் சத்தம் என்றார்கள், அதனால் கட்டைவிரலுக்கு மாறினேன் என்பது. அந்த மிருதுவான ஓசையில் ஒற்றை ஸ்வரங்களாகத் தொடங்கி, ஒரே ஸ்வரத்தை இரண்டு ஸ்தாயியில் சேர்த்து வாசித்து, கடைசியில் முழுக் கார்டுகளாலேயே ராகம்போல நகர்த்திக்கொண்டு போவார். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கத்துக்காகச் செய்த சமரசத்தை இன்று பாடமாக வைத்திருக்கிறார்கள்.

இந்தியாவுக்கு இது வந்த வழியும் சம்பளத்துக்கு வாசித்தவர்கள் வழிதான். 1935-இல் லியோன் ஆபியின் கறுப்பின அமெரிக்கக் குழு பம்பாய் தாஜ்மகால் ஹோட்டலில் வாசித்தது. கோவாவின் தேவாலயப் பள்ளிகளில் நொட்டேஷன் படித்திருந்த இசைஞர்கள் ஜாஸை அள்ளிக்கொண்டு, ராத்திரி ஹோட்டலிலும் பகலில் சினிமா ஸ்டுடியோவிலும் வாசித்தார்கள். பெங்களூரில் பிறந்த கார்ல்டன் கிட்டோ, தானாகவே கற்றுக்கொண்டு, கல்கத்தாவில் 2016-இல் இறக்கும்வரை பீபாப் கிட்டாரை வாசித்துக்கொண்டும் சொல்லிக்கொடுத்துக்கொண்டும் இருந்தார்.

மெட்ராஸில் தன்ராஜ் மாஸ்டர். தேனி மாவட்டம் பண்ணைப்புரத்திலிருந்து வந்த இளையராஜா, அண்ணன் பாவலர் வரதராசன் குழுவில் ஊர் ஊராகப் பாடி வாசித்தவர்தான். ஆனால் மேற்கத்திய ஹார்மனியை முறையாகப் படித்தது இருபதுகளின் நடுவில், இந்த மாஸ்டரிடம். பிறகு பிறர் இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்துச் சம்பாதித்தார். 'அன்னக்கிளி' வந்தது 1976-இல். அந்தக் காலத்துப் படப்பாட்டு இசைத்தட்டுகளில் பாடகர், கவிஞர், இசையமைப்பாளர் பெயர் இருக்கும். கார்டு பிடித்தவர் பெயரைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. ஃபிரெடி கிரீனுக்காவது பெயர் மிஞ்சியது.

போன ஞாயிறு ராத்திரி இதையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். பண்ணைப்புரம் என்றதும், "எங்க ஊர்ல இருந்து பக்கந்தாண்ணே" என்றார். கிட்டாரை எடுத்து வந்து மூன்று கார்டையும் பிடித்துப் பார்த்தார். ஜி செவனில் 5-ஆம் தந்தி அலறிக்கொண்டே இருந்தது. கால்மணி நேரத்தில் அடங்கியது.

உள்ளே நைட் ஷிஃப்ட் முடித்தவர் ஒருத்தர் தூங்கிக்கொண்டிருந்தார். தம்பி பிக்கைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு, கட்டைவிரலால் வாசிக்க ஆரம்பித்தார்.