கடலடிக் கம்பியும் மிகையழுத்தமும்

1858-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5-ஆந் திகதி, அயர்லாந்தின் வலன்சியாத் தீவும் வட அமெரிக்கக் கரையிலுள்ள நியூபவுண்லாந்தும் அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியிற் கிடந்த ஒரு செப்புக் கம்பியால் இணைக்கப்பட்டன. விக்தோரியா மகாராணியார் அமெரிக்க ஜனாதிபதிக்கு விடுத்த வாழ்த்துச் செய்தி நூறு சொற்களையும் எட்டாதது. ஆயினும் அது கரை சேரப் பதினாறு மணி நேரம் சென்றது. நியூயோர்க் மக்கள் வாணவேடிக்கை நிகழ்த்தி மகிழ்ந்தனர். அதன் பொறி பட்டு நகர மண்டபத்தின் கூரையே தீப்பற்றியதாம்!

ஏறத்தாழ இரண்டாயிரம் மைல் கடந்து வரும் மின்னோட்டம் மறுகரையில் மிகவும் நலிந்திருந்தது. அதனை உணர்வதற்கென்றே கிளாஸ்கோப் பேராசிரியர் வில்லியம் தொம்சன் ஒரு கருவி அமைத்தார். சிறு காந்தத்தில் ஒட்டிய கண்ணாடித் துண்டு இம்மியளவு அசைந்தாலும், அதிற்பட்டுத் தெறிக்கும் ஒளிப்புள்ளி அளவுகோலின் மீது நகர்ந்து காட்டும். இத்தகைய நுண்கருவி இருக்கையில் வலிய மின்சாரம் எதற்கு?

கம்பனியின் மின்னியலாளராயிருந்த வைற்ஹவுஸ் அவ்வாறு எண்ணினாரல்லர். அவர் முன்னர் அறுவை வைத்தியராயிருந்தவர். தூரம் பெரிதாயின் விசையும் பெரிதாதல் வேண்டுமென்று கருதி, ஐந்தடி நீளமான தூண்டற் சுருள்களைப் பூட்டி, சுமார் 2,000 உவோற்று அழுத்தத்தைக் கம்பியில் ஏற்றினார். கம்பியைப் போர்த்திருந்த கட்டாபேர்ச்சாப் பிசின் மெலிந்த இடங்களிற் பழுதுற்றது. மின்சாரம் கடல்நீரிற் கசிந்தது. செப்டெம்பர் தொடக்கத்தில் கம்பி ஊமையாயிற்று.

முழுப் பழியையும் அவர் தலையிற் சுமத்துதல் நீதியன்று. சில இடங்களிற் செப்பு நடுவிலிருந்து விலகியிருந்தது. வெயிலிற் கிடந்தமையால் உறையும் இளகியிருந்தது. ஆயினும், நொய்ந்த கம்பிக்கு அவ்வழுத்தம் எமனாயிற்று.

இதில் ஒரு விந்தையுண்டு. 1847-ஆம் ஆண்டிலேயே, இடி மின்னலிலிருந்து தந்திக் கருவிகளைக் காப்பதற்கு, அவற்றின் முன்னே மெல்லிய கம்பி ஒன்றைத் தொடுக்குமாறு பிரான்சியரான பிரெகே கூறியிருந்தார். மிகை மின்னோட்டம் வரின் அக்கம்பி உருகியறுந்து கருவியைக் காக்கும். வானத்தினின்று வரும் ஆபத்துக்குக் காவல் தேடியவர்கள், நிலையத்தினுள்ளிருந்தே புறப்படும் ஆபத்தை நினைத்திலர்.

1866-இல் கிறேற் ஈஸ்ரேண் கப்பல் புதிய கம்பியை இட்டது. முந்திய ஆண்டில் அறுந்த கம்பியும் மீட்டு முடிக்கப்பட்டது. அவ்விரண்டையும் நியூபவுண்லாந்தில் ஒன்றாக இணைக்கச் செய்து, வலன்சியாவிலிருந்து லற்றிமர் கிளார்க் ஒரு சோதனை நடத்தினார். தையல் செய்யும் பெண்கள் விரல்நுனியில் அணியும் வெள்ளியுறையொன்றிற் சிறிது அமிலம் வார்த்து, துத்தநாகத் துண்டொன்றை இட்டார். அவ்விரலுறை தந்த மின்சாரம் சமுத்திரத்தைப் போகவும் வரவுமாக இருமுறை கடந்தது. அளவுகோலில் ஒளிப்புள்ளி அசைந்தது.