மருந்து, கொல்லி, விரட்டி: கரமனை வழியாக ஒரு சொல் வரலாறு

திருவனந்தபுரத்தின் கரமனை ஓர் ஆற்றின் பெயரும் ஓர் ஊரின் பெயரும் ஆகும். அகத்தியமலைப் பகுதியில் தோன்றித் திருவல்லத்தை அடுத்துக் கடல் சேரும் ஆற்றின் கரையில் தமிழ் அக்கிரகாரத் தெருக்கள் அமைந்தன. அவ்வூரின் நெடுங்காட்டில் கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் ஒருங்கிணைந்த பண்ணைய ஆய்வு நிலையம் இயங்குகிறது. நாகர்கோவிலிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்குக் காய்கறி வரும் நெடுஞ்சாலையும் இவ்வூரின் ஊடாகவே செல்கிறது. தமிழும் மலையாளமும், வேளாண் அறிவியலும் சந்தையும் ஒருங்கே கூடும் இவ்விடம், காய்கறிச் செடியின் பூச்சியை எதிர்கொண்ட வரலாற்றைச் சொற்களின் வழியே காண ஏற்றதாகும்.

வீட்டுத் தோட்டத்தின் பழைய முறைகள் பெரும்பாலும் செயலின் பெயராலேயே அறியப்பட்டவை. பயற்றங்கொடியில் அசுவினி அடைந்தால் சாம்பல் தூவுதல், கத்தரியில் புழுவைக் கையால் பொறுக்குதல், பிஞ்சுப் பாகலைத் தாளாலோ ஓலையாலோ பொதிதல் ஆகியவை அத்தகையன. இவற்றில் எதுவும் 'மருந்து' எனப்படவில்லை.

அச்சொல் வயலுக்குள் நுழைந்த சூழல் இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குரியது. டி.டி.டி.யின் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939இல் பால் முல்லர் கண்டறிந்தார். 1948இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இந்திய அரசு 1954இல் இந்துஸ்தான் இன்செக்டிசைட்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. அதன் இரண்டாம் ஆலை 1958இல் கேரளத்தின் உத்தியோகமண்டலில் எழுந்தது. அதே 1958இல், கப்பலில் பாரத்தியான் கலந்துபோன கோதுமை மாவை உண்டு கேரளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. அதன் நெடுநாள் விளைவாக 1968இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் இயற்றப்பட்டது. ஆலையும் சாவும் ஒரே ஆண்டில், ஒரே மாநிலத்தில் நிகழ்ந்தன.

ஆயினும் பேச்சு வழக்கு சட்டத்தைப் பின்பற்றவில்லை. சட்டமும் பாடநூலும் 'பூச்சிக்கொல்லி' என்றும் மலையாளத்தில் 'கீடநாசினி' என்றும் எழுத, வயலில் தமிழர் 'மருந்து அடித்தனர்'. மலையாளிகளும் 'மருன்னு' அடித்தனர். இதனை வணிகரின் ஏமாற்று என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. வெடிமருந்து, வசியமருந்து என்னும் தொடர்கள் காட்டுவது போல, 'மருந்து' என்பது நோய் தீர்ப்பதை மட்டுமன்றி, சிறிதளவிலேயே பெருவிளைவு தரும் பொருளையும் சுட்டி வந்துள்ளது. எனினும் செடி 'நோயாளி' ஆகவும் தெளிப்பான் 'மருத்துவம்' ஆகவும் மாறியபின், அளவைக் கூட்டுவது அக்கறையின் அடையாளமாயிற்று. அச்சொல்லின் முரணை நாளிதழ்கள் நாள்தோறும் அச்சிட்டன: உழவர் 'பூச்சிமருந்து குடித்து' இறந்தார்.

சொல் திரும்பிய இடம் காசர்கோடு. அரசுத் தோட்டக் கழகத்தின் ஏறத்தாழ 4,600 ஹெக்டேர் முந்திரித் தோட்டங்களில் எழுபதுகளின் இறுதி தொட்டு 2000 வரை வான்வழியே எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. பிறவிக் குறைபாடுகளும் நரம்பு நோய்களும் நிறைந்த அவ்வூர்களின் போராட்டத்திற்குப் பின் 2011 ஏப்ரலில் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை எண்டோசல்பானைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. மே 13 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் இடைக்காலத் தடை விதித்தது. அதே மாதம் கேரள அரசு கார்போபியூரான், போரேட், மோனோகுரோட்டோபாஸ் உள்ளிட்ட 14 இரசாயனங்களை விலக்கியது. 'மருன்னு' இருந்த இடத்தில் 'விஷம்' வந்தது. 'விஷரஹித பச்சக்கறி' என்பது கேரளத்தின் முழக்கமாகவும், 'நஞ்சில்லா உணவு' என்பது தமிழகத்தின் முழக்கமாகவும் ஆயின.

தமிழகத்தில் இன்னொரு மாற்றமும் நிகழ்ந்தது. கோ. நம்மாழ்வார் (1938–2013) உள்ளிட்ட இயற்கை வேளாண் முன்னோடிகளின் வழியே 'பூச்சிவிரட்டி' என்னும் சொல் பரவியது. கொல்லுதலை விலக்கி விரட்டுதலை முன்வைக்கும் இச்சொல்லுக்கு அறிவியல் அடித்தளமும் உண்டு. 1959இல் சூடானில் வெட்டுக்கிளிகள் மரங்களை மொட்டையாக்கியபோது வேம்பு மட்டும் தப்பியதை ஹைன்ரிஷ் ஷ்முட்டரர் கண்டார். 1962இல் டெல்லியில் எஸ். பிரதான் குழுவினர் வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை வெட்டுக்கிளிகள் உண்ணாதிருந்ததைக் காட்டினர். 1968இல் அசாடிராக்டின் பிரித்தெடுக்கப்பட்டது. பூச்சியை உண்ணவிடாமலும் தோலுரிக்கவிடாமலும் செய்வதே அதன் வேலை. தெளித்த மறுநாள் செத்த புழுவைத் தேடுவோர் வேம்பு 'வேலை செய்யவில்லை' என முடிவு செய்வது, கொல்லியின் அளவுகோலால் விரட்டியை அளப்பதன் விளைவாகும்.

ஆனால் புதிய சொற்களும் மறைக்க வல்லவை. கேரள வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரைகளில் நெடுங்காலமாக இடம்பெறும் 'புகையிலைக் கஷாயம்' இதற்குச் சான்று. அரைக் கிலோ புகையிலைத் தண்டும் கழிவும் நாலரை லிட்டர் நீரில் ஒரு நாள் ஊறும். 120 கிராம் சோப்புக் கரைசல் சேரும். பின் ஆறேழு மடங்கு நீர் கலந்து தெளிக்கப்படும். 'கஷாயம்' என்றதும் மனம் அடுக்களையை நாடுகிறது. அதில் இருப்பதோ நிக்கோட்டின். இந்தியாவில் நிக்கோட்டின் சல்பேட்டின் பயன்பாடே தடைசெய்யப்பட்டது. விரட்டிக் கரைசல்களில் சேரும் எருக்கும் ஊமத்தையும் நஞ்சுச் செடிகளே. பாகலின் பழ ஈயைப் பிடிக்கப் பரிந்துரைக்கப்பட்ட வாழைப்பழப் பொறியிலும் துளசிப் பொறியிலும் சிட்டிகை கார்போபியூரான் இருந்தது. 'இயற்கை', 'பாரம்பரியம்' என்னும் அடைகள் கையுறைக்கும் காத்திருப்பு நாளுக்கும் மாற்றாகா.

'விஷம்' என்னும் சொல்லுக்கோ ஓர் எல்லைக் கோடும் சேர்ந்துவிட்டது. 1956 நவம்பர் 1 வரை தோவாளையும் அகத்தீசுவரமும் கல்குளமும் விளவங்கோடும் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தின் பகுதிகள். அதன்பின் அதே சாலையில் வந்த காய் 'வெளிமாநிலக் காய்' ஆயிற்று. 2015இல் எச்ச நஞ்சு குறித்த விவாதம் மூண்டபோது, நஞ்சு அண்டை மாநிலத்திலிருந்து வருவது என்னும் எண்ணம் வலுப்பெற்றது. காசர்கோட்டின் நஞ்சு எந்த எல்லையையும் கடந்து வந்ததன்று. உத்தியோகமண்டல் ஆலையே எண்டோசல்பானையும் தயாரித்தது. சோதனை தேவையானதே. வெள்ளாயணி வேளாண் கல்லூரியின் எச்ச ஆய்வகம் செய்வது அதைத்தான். ஆனால் ஆய்வகம் அளப்பது காயில் எஞ்சிய அளவை, ஊரை அன்று.

இம்மூன்று சொற்களுக்கும் அப்பால் நிற்கும் கருத்தொன்று 1959இலேயே கலிபோர்னியப் பூச்சியியலாளர் நால்வரால் வகுக்கப்பட்டது. சேதம் செலவை மிஞ்சும் நிலைக்குப் பூச்சியின் எண்ணிக்கை நெருங்கும்போது மட்டும் தலையிடுதல், அதுவரை இயற்கை எதிரிகளைக் காத்தல் என்பதே அது. இந்தியா ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மையைத் தன் கொள்கையாக ஏற்றது 1985இல். இன்று கரமனையின் மொட்டைமாடிகளில் வளர்பைகளில் வெண்டை நடுவோருக்கும் அது பொருந்தும். இலையின் அடிப்புறத்தைத் திருப்பிப் பார்த்து, அசுவினியோடு பொறிவண்டும் உண்டா என எண்ணிய பின்னரே வேப்பெண்ணெய்–பூண்டுக் கரைசலைக் கையில் எடுத்தல் வேண்டும்.

அச்செயலுக்கு இருமொழிகளிலும் இன்னும் ஒரு முழக்கச் சொல் அமையவில்லை. 'பார்த்தல்' என்பதே அதற்குப் போதுமானது.