வண்ணான் குறியும் கரப்பானும்

ஊரார் துணிகள் ஒன்றோடொன்று மாறிப்போகாதிருக்கும் பொருட்டு, நம் தேசத்து வண்ணார், சேராங்கொட்டையை ஊசியால் குத்தி, அதில் கசியும் கரிய பாலைத் தொட்டு, சட்டைக் கழுத்தின் உட்புறத்தில் இட்டு, மேலே சுண்ணாம்பு தடவிவந்த குறி, எத்தனை வெளுப்புக்கும் அழியாத சாசனமாக விளங்கிற்று. இரண்டாம் உலக யுத்த காலத்தில் இங்கு வந்த அந்நியச் சிப்பாய்கள் சிலருக்கு, அக்குறி பட்ட பிடரியிலேயே அரிப்பும் கொப்புளமும் நீர்க்கசிவும் கொண்ட கரப்பான் தோன்றவே, வைத்தியர்கள் ஆராய்ந்து, அந்தப் பாலே ஒவ்வாப் பொருள் என்று நிச்சயித்தனர். இத்தகைய ஒவ்வாப் பொருளைக் கண்டறிய, சந்தேகத்துக்குரிய வஸ்துவைச் சிறிதளவு சருமத்தில் ஒட்டிவைத்து, இரண்டொரு தினங்களில் விளைவைக் காணும் பரீட்சையை, யோசெஃப் யாடாசோன் என்னும் ஜெர்மானிய வைத்தியர் 1895-லேயே எடுத்துரைத்திருந்தார். களிம்பு வேதனையைத் தணிக்கும். ஆயினும், காரணத்தை விலக்கினாலன்றி இத்தகைய கரப்பான் ஒழியாது.