சிவப்புப் புத்தகத்தில் இல்லாத லயங்கள்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அரசாங்கத் திட்டம் ஒவ்வொன்றுக்கும் இரண்டு நல்ல நாட்கள் உண்டு. ஒன்று அடிக்கல் நாட்டும் நாள். மற்றொன்று ரிப்பன் வெட்டும் நாள். எங்களைப் போன்ற தொலைக்காட்சிக்காரர்களுக்கு அழைப்பு வருவதும் அந்த இரண்டு நாட்களுக்குத்தான். நடுவே மூன்று வருடமோ எட்டு வருடமோ ஓடிவிடும். அந்த இடைப்பட்ட காலத்தில் பணம் எவ்வளவு போனது, வேலை எவ்வளவு முடிந்தது என்பதை யார் யாருக்குச் சொல்ல வேண்டும்? இன்றைய அரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு இதுதான். கேட்பதற்குக் கணக்குப்பிள்ளை விவகாரம் போலத் தோன்றும். ஆனால் இதற்குள் ஒரு சரித்திரம் இருக்கிறது. அதில் நம் தோட்டப்புற மக்களுக்கு இடம் கிடைக்காமல் போன கதையும் இருக்கிறது.

மெர்டேக்கா கிடைத்த சில ஆண்டுகளுக்குள், 1959-இல், கிராமப்புற மேம்பாட்டுக்கென்று தனி அமைச்சு அமைக்கப்பட்டது. பொறுப்பேற்றவர் துணைப் பிரதமராக இருந்த துன் அப்துல் ரசாக். அவரே தற்காப்பு அமைச்சரும்கூட. இதை மறந்துவிடாதீர்கள். பின்னால் வருவதெல்லாம் இதிலிருந்துதான் பிறக்கிறது.

1960-இல் தீபகற்பத்தில் இருந்த ஏறக்குறைய 70 மாவட்டங்களுக்கும் ஓர் உத்தரவு போனது. ஒவ்வொரு மாவட்ட அதிகாரியும் தம் மாவட்டத்துக்கான திட்டப் புத்தகம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும். அட்டை சிவப்பு நிறம். அதனால் சிவப்புப் புத்தகம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. புத்தகம் என்றதும் கையடக்கமான ஒன்றை நினைக்க வேண்டாம். மேசையை அடைக்கும் அளவுக்குப் பெரியது. உள்ளே மாவட்டத்தின் வரைபடம். அதன்மேல் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பார்க்கக்கூடிய மெல்லிய ஒளிபுகும் தாள்கள். ஒரு தாளில் சாலைகள், இன்னொன்றில் பள்ளிக்கூடங்கள், அடுத்ததில் குடிநீர், அடுத்ததில் நிலத்திட்டங்கள் என்று வரிசையாக வரும். எல்லாத் தாள்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தால், பள்ளிக்கூடம் ஓரிடத்திலும் அதற்குப் போகிற சாலை வேறிடத்திலும் திட்டமிடப்பட்டிருந்தால் கண்ணிலேயே தெரிந்துவிடும். கணினி இல்லாத காலத்தில் இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு இருந்திருக்க முடியாது என்பது என் கருத்து.

புத்தகம் பாதிதான். மீதி, சுவரில் இருந்தது. மாவட்டத்தில் ஒன்று, மாநிலத்தில் ஒன்று, கோலாலம்பூரில் தேசிய அளவில் ஒன்று என்று 'பிலிக் கெராக்கான்' எனப்படும் நடவடிக்கை அறைகள் திறக்கப்பட்டன. சுவர் முழுக்க வரைபடங்களும் அட்டவணைகளும். எந்தச் சாலை எத்தனை கல் முடிந்தது, எந்தக் கிணறு பாதியில் நிற்கிறது என்பது அங்கே குறிக்கப்பட்டிருக்கும். துன் ரசாக் மாவட்டம் மாவட்டமாகப் போவார். நேரே அந்த அறைக்குள் நுழைவார். சம்பந்தப்பட்ட எல்லாத் துறை அதிகாரிகளும் அங்கே இருக்க வேண்டும். "அந்த ஃபைல் வேறு இலாகாவில் இருக்கிறது" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்த இலாகாக்காரர் பக்கத்து நாற்காலியிலேயே உட்கார்ந்திருப்பார்! அமைச்சர் வருகிறார் என்றால் பந்தல் போட்டு மாலை கட்டி வைக்கும் நமக்கு, வரைபடத்தைத் தயார் செய்து வைத்துக் காத்திருந்த அதிகாரிகளை நினைத்தால் விந்தையாகத்தான் இருக்கிறது. 1967-இல் துன் ரசாக்கிற்கு ரமோன் மக்சைசை விருது கிடைத்ததே, அதற்குப் பின்னால் இந்தப் பணியும் இருந்தது.

இந்த அறை எங்கிருந்து வந்தது? போர்க்களத்திலிருந்து வந்தது. 1948 முதல் 1960 ஜூலை வரை நீடித்த அவசரகாலத்தில், கம்யூனிஸ்டு போராளிகளை எதிர்க்க மாநிலந்தோறும் மாவட்டந்தோறும் போர் நிர்வாகக் குழுக்கள் இயங்கின. மாவட்ட அதிகாரி, போலீஸ் அதிகாரி, இராணுவ அதிகாரி மூவரும் வரைபடத்தின் முன் கூடிப் பேசுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு வெள்ளைக்காரர்கள் 'காலை வழிபாடு' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார்கள். சண்டை முடிந்ததும் துன் ரசாக் அந்த ஏற்பாட்டைத் தூக்கி எறியவில்லை. துப்பாக்கிக் கணக்கை எடுத்துவிட்டு, சாலைக் கணக்கையும் கிணற்றுக் கணக்கையும் உள்ளே வைத்தார். நம் நாட்டின் திட்ட அறிக்கை முறை அப்படித்தான் பிறந்தது.

அதே காலத்தில் உலகத்தின் மறுபக்கத்திலும் சுவரில் அட்டவணை தொங்கிக்கொண்டிருந்தது. அமெரிக்கக் கடற்படை போலாரிஸ் ஏவுகணையைத் தயாரித்தபோது, 1958-இல் 'பெர்ட்' என்ற வலைப்பின்னல் அட்டவணையை உருவாக்கியது. எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கலாம், எது தாமதமானால் மொத்தமும் தாமதமாகும் என்று காட்டும் படம் அது. போலாரிஸ் குறித்த காலத்துக்கு முன்பே கடலுக்குப் போனது, பெர்ட்டுக்குப் பெரும் புகழ் வந்தது. ஆனால் பின்னர் அந்தத் திட்டத்தை ஆராய்ந்த ஹார்வி சபோல்ஸ்கி, 1972-இல் வெளியிட்ட நூலில் ஓர் உண்மையை உடைத்தார். வேலையை நடத்தியது அந்த அட்டவணை இல்லையாம். மேலிடத்தார் மூக்கை நுழைக்காமல் தடுக்கத்தான் அது பெரிதும் உதவியதாம். அழகான அறிக்கை கேடயமாகவும் பயன்படும் என்பதை அந்தக் கடற்படைக்காரர்கள் அப்போதே கண்டுபிடித்துவிட்டார்கள்.

பெர்ட் கால அளவைச் சொன்னது. பணத்தைச் சொல்லவில்லை. பணக்கணக்கு தனியாக ஓடியது. இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டும் முயற்சி பல ஆண்டுகள் நடந்து, 1967 டிசம்பரில் அமெரிக்கத் தற்காப்புத் துறை 35 விதிகள் கொண்ட ஓர் உத்தரவைப் பிறப்பித்தது. பெரிய குத்தகைக்காரர்கள் செலவையும் கால அட்டவணையையும் சேர்த்தே அறிக்கை தர வேண்டும் என்பது அதன் சாரம்.

அந்தக் கணக்கு எப்படி என்று கேட்கிறீர்களா? நம் கோயில் மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். ஒரு லட்சம் வெள்ளிச் செலவு, பத்து மாத வேலை. ஐந்து மாதம் ஆனதும் பொருளாளர் எழுந்து, "இதுவரை 60,000 வெள்ளி செலவாகிவிட்டது" என்கிறார். சபையில் எல்லாரும் "அப்படியானால் வேலை 60 விழுக்காடு முடிந்துவிட்டது" என்று தலையாட்டுகிறார்கள். தப்பு அங்கேதான் நடக்கிறது. எழுந்து போய்ச் சுவரைப் பார்த்தால் முடிந்தது 40 விழுக்காடுதான். அதாவது 40,000 வெள்ளி பெறுமான வேலை. இந்நேரம் 50,000 வெள்ளி பெறுமான வேலை முடிந்திருக்க வேண்டும். ஆக வேலை பின்தங்கியிருக்கிறது, 40,000 வெள்ளி வேலைக்கு 60,000 வெள்ளி கரைந்துமிருக்கிறது. இதே போக்கில் போனால் மண்டபம் முடியும்போது செலவு ஒன்றரை லட்சம். செலவான பணம், முடிந்த வேலை, முடிந்திருக்க வேண்டிய வேலை ஆகிய மூன்று எண்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் உண்மை தெரியும். ஒன்றை மட்டும் சொன்னால் யாரையும் ஏமாற்றலாம், நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

விதி வந்துவிட்டால் உண்மையும் வந்துவிடுமா? 1968 நவம்பரில் அமெரிக்க விமானப்படையின் செலவு அதிகாரி எர்னஸ்ட் ஃபிட்ஸ்ஜெரால்ட், சி-5 சரக்கு விமானத்தின் செலவு ஏறக்குறைய 200 கோடி டாலர் கூடிவிடும் என்பதை நாடாளுமன்றக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு அவருடைய பதவியே தேவையில்லை என்று எடுக்கப்பட்டது. மீண்டும் வேலையில் அமர்த்த உத்தரவு வர 1973 வரை ஆனது.

ஏ-12 போர் விமானத்தின் கதை இதைவிடக் கசப்பானது. 1990 ஏப்ரலில் தற்காப்பு அமைச்சர் டிக் செனி, திட்டம் சரியாகப் போகிறது என்று நாடாளுமன்றத்தில் சொன்னார். இரண்டே மாதத்தில் குத்தகை நிறுவனங்கள், ஒப்பந்தத் தொகைக்குள் முடிக்க முடியாது என்று கையை விரித்தன. பிறகு விசாரணை நடந்தது. மாதாந்திரச் செலவு அறிக்கைகள் தவறாமல் வந்திருக்கின்றன. கடற்படையின் செலவு ஆய்வாளர் அவற்றை வைத்துச் செலவு எல்லை மீறப் போவதைக் கணித்தும் இருக்கிறார். அந்த எண் மேலே ஏறவில்லை. கெட்ட செய்தியை எடுத்துக்கொண்டு மேலதிகாரியின் அறைக்குப் போக யாருக்கும் மனம் வரவில்லை. 1991 ஜனவரியில் திட்டம் ரத்தானது. ஒரு விமானம்கூடப் பறக்கவில்லை. வழக்கு மட்டும் 2014 வரை பறந்துகொண்டிருந்தது!

இதைக் கேட்டு அமெரிக்காவைப் பார்த்துச் சிரிக்கும் நிலையில் நாம் இல்லை. துன் ரசாக் பிரதமரான பிறகு, 1971-இல், பிரதமர் துறையிலேயே திட்ட அமலாக்கத்தை ஒருங்கிணைக்கும் பிரிவு அமைக்கப்பட்டது. பின்னாளில் ஐ.சி.யு. என்று நாம் அறிந்தது அதுதான். திட்டக் கண்காணிப்பு கணினிக்கும் மாறியது. அப்படியிருந்தும் கடலோரப் போர்க்கப்பல் விவகாரம் நடந்ததே! ஆறு கப்பல்கள், சுமார் 900 கோடி வெள்ளி ஒப்பந்தம். முதல் கப்பல் 2019-இல் வந்திருக்க வேண்டும். 2017 ஆகஸ்டில் 'மகாராஜா லேலா' என்ற முதல் கப்பலுக்கு லூமூட்டில் வெகு விமரிசையாக விழா எடுத்தார்கள். படமும் செய்தியும் எல்லாப் பத்திரிகைகளிலும் வந்தன. 2022 ஆகஸ்டில் நாடாளுமன்றப் பொதுக்கணக்குக் குழு அறிக்கை வெளியிட்டபோது, 600 கோடி வெள்ளிக்கு மேல் கொடுத்தாகிவிட்டது, ஒரு கப்பல்கூட ஒப்படைக்கப்படவில்லை என்பது வெளிச்சத்துக்கு வந்தது. கோயில் மண்டபக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். பொருளாளர் சொன்ன எண் மட்டும் இருந்தது. சுவரைப் போய்ப் பார்த்தவர் சொன்ன எண் பொதுமக்களுக்கு வந்து சேர ஐந்து வருடம் பிடித்தது.

சரி, தொடக்கத்தில் நம்மவர்கள் என்று ஒரு வார்த்தை சொன்னேன். இனி அதற்கு வருகிறேன்.

அவசரகாலத்துப் போர் அறைகளின் வரைபடங்களில் ரப்பர் தோட்டங்கள் முக்கியமான இடங்கள். தோட்டத் துரைமார்களின் பிரதிநிதி மாவட்டக் குழுவிலேயே உட்கார்ந்திருந்தார். எந்த லயத்தில் யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், அரிசி எவ்வளவு போகிறது என்பதெல்லாம் கணக்கெடுக்கப்பட்டது. சிதறிக் கிடந்த லயங்களை ஒன்று சேர்த்து முள்வேலி போட்டார்கள். சந்தேகம் என்று வந்தபோது, தோட்டத்துத் தமிழன் வரைபடத்தில் தெளிவாகத் தெரிந்தான்.

அதே வரைபடம் மேம்பாட்டு வரைபடமானபோது நிலைமை மாறியது. சிவப்புப் புத்தகத்தின் கவனம் கம்பங்கள் மீதும் நிலத்திட்டங்கள் மீதும் இருந்தது. தோட்டம் தனியார் சொத்து. உள்ளே குடிநீரோ, விளக்கோ, வீடோ எல்லாம் முதலாளியின் பொறுப்பு என்பது சட்டத்தின் நிலை. ஆக மாவட்ட அதிகாரி நினைத்தாலும் லயத்துக் குழாயை அந்தத் தாள்களில் குறிக்க வழியில்லை. குறிக்காத வேலைக்குத் தாமதம் என்ற ஒன்றே கிடையாது. ஒரு கம்பத்துச் சாலை ஆறு மாதம் தாமதமானால் துன் ரசாக்கின் முன் ஒருவர் நின்று பதில் சொல்ல வேண்டும். தோட்டத்து லயத்துக்கு இருபது வருடம் தண்ணீர் வராவிட்டாலும் எந்த அறையிலும் எந்த அட்டவணையிலும் சிவப்புப் புள்ளி விழாது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இதே கதிதான். தனியார் நிலத்தில் நின்றதால் பெரும்பாலானவை பகுதி உதவிபெறும் பள்ளிகளாகவே நீடித்தன.

இதில் எனக்கு எப்போதும் உறுத்தும் ஒரு செய்தி உண்டு. அந்தச் சிவப்புப் புத்தகச் சாலைகளைப் போட்டது பொதுப்பணி இலாகா. 1960-களில் அந்த அமைச்சுக்குப் பொறுப்பாக இருந்தவர் துன் வீ.தி. சம்பந்தன். கம்பங்களுக்குச் சாலை போகும்போது அவர் அமைச்சர். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நம் மக்கள் தெருவில் நின்றபோது, அதே மனிதர் தோட்டம் தோட்டமாக நடந்து, பால்வெட்டுத் தொழிலாளர்களிடம் பங்குப் பணம் சேர்த்து, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை நிறுவ வேண்டியிருந்தது. அரசாங்கத்தின் வரைபடத்தில் இடம் இல்லாதவர்களுக்கு அவர் தனியாக ஒரு கணக்குப் புத்தகம் திறந்தார் என்றே நான் பார்க்கிறேன்.

அந்தத் தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகவும் செம்பனைக் காடுகளாகவும் மாறிவிட்டன. லயத்துக்குக் குழாய்த் தண்ணீர் வந்த வருடம் எது, மின்சாரம் வந்த வருடம் எது என்று தெரிய வேண்டுமானால், கிராணியாகவோ கங்காணியாகவோ இருந்த பெரியவர்களைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் உங்கள் வீட்டில் இருந்தால், தோட்டத்தின் பெயரையும் அந்த வருடங்களையும் கேட்டு இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்.