சென்னைப் பாய்மரக் கழகமும் நம் சங்கமும்

கடல் இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடற்படகுக் கழகம் ஒன்றின் வரலாற்றை எழுதுவானேன் என்று அன்பர்கள் வினவக்கூடும். வினவுவது முறையே. சாமராஜநகரில் நாம் காணும் நீர்ப்பெருக்கு, சத்தியமங்கலம் சாலையில் செல்வோர் கண்டு மகிழும் சுவர்ணாவதி அணையே. மைசூரிலிருந்து வரும் இருப்புப்பாதை 1926ஆம் ஆண்டில் நம் ஊரை எட்டியது. எட்டிய இடத்திலேயே நின்றும்விட்டது. பாதை முடியும் ஊரில் வாழும் நமக்குக் கடலைப் பற்றிய பேச்சு சற்றுத் தொலைவானதுதான்.

எனினும், சில ஆண்டுகளுக்கு முன் விடுமுறையில் குடும்பத்தோடு சென்னை சென்றிருந்தோம். மாலையில் கடற்கரையில் நின்றபோது, துறைமுகத்துக்கு அப்பால் சின்னஞ்சிறு வெண்பாய்கள் காற்றை வாங்கி ஓடுவதைக் கண்டோம். “அவர்கள் யார், எங்கே போகிறார்கள்?” என்று எம் இளைய மகள் கேட்டாள். விடை கூற எமக்குத் தெரியவில்லை. அன்று தொடங்கித் தேடிப் படித்தவற்றையே, ஆண்டு விழா மலருக்கென்று இங்கே தொகுத்துத் தருகின்றோம். படகுகளைப் பற்றித் தொடங்கிய தேடல், சங்கம் என்பது யாது என்னும் கேள்வியில் வந்து முடிந்தது.

பாய்மரப் படகை வாணிகத்துக்கும் போருக்குமன்றி, பொழுதுபோக்குக்கென்றே செலுத்துவோர் கூடி அமைக்கும் கழகத்தை ஆங்கிலத்தில் ‘யாட் கிளப்’ என்பர். உலகிலேயே பழைமையானதாகக் கூறப்படுவது அயர்லாந்து நாட்டின் கார்க் துறைமுகத்தில் 1720இல் தோன்றிய கழகம். அந்நாளில் அதில் இருபத்தைந்து பேருக்கு மேல் உறுப்பினராதல் இயலாதிருந்தது. தலைவர் அளிக்கும் விருந்தில் இறைச்சி வகை இரண்டுக்கு மேல் கூடாதென்றும் விதி செய்திருந்தனர். விருந்து ஆடம்பரமாகிவிட்டால் சங்கம் கெடும் என்பதை முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தனர் போலும்!

நம் நாட்டில் பம்பாயில் 1846இல் இத்தகைய கழகம் ஒன்று எழுந்தது. 1876இல் விக்டோரியா அரசியார் அதற்கு ‘ராயல்’ என்னும் பட்டத்தை வழங்கினார். சென்னையில் முதலில் எழுந்தது துடுப்புப் படகுக் கழகம். அடையாற்றங்கரையில் 1867இல் தோன்றிய அக்கழகத்தாரும், கொழும்புத் துடுப்புக் கழகத்தாரும் 1898 முதல் தம்முள் போட்டியிட்டு வந்தனர். பாய்மரத்துக்குச் சென்னையில் இடமில்லாமற்போனதற்கு ஒரு காரணம் உண்டு. அந்நாளில் சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் கடலில் தொலைவில் நிற்கும். ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகளிலும் கட்டுமரங்களிலும் நம் பட்டினவர் அலையைப் பிளந்து சென்று, பயணிகளையும் பொதிகளையும் கரை சேர்த்தனர். 1876இல் துறைமுகச் சுவர்கள் எழுப்பத் தொடங்கினர். 1881ஆம் ஆண்டுப் புயல் அவற்றைச் சிதைத்தது.

இவ்விடத்தில் நம் இரயில்வே அன்பர்கள் பெருமையோடு கேட்கத்தக்க செய்தி ஒன்று வருகிறது. 1904இல் சென்னைத் துறைமுகத்தின் தலைமையை ஏற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அயர்லாந்தைச் சேர்ந்த இரயில்வேப் பொறியாளர். இராஜமகேந்திரபுரத்தில் கோதாவரியின் குறுக்கே 1900இல் திறக்கப்பட்ட இரயில் பாலத்தின் ஆக்கத்தில் பெரும்பங்கு கொண்டவர். அவர் வந்தபின் துறைமுகத்தின் பழைய கிழக்கு வாயில் மூடப்பட்டது. வடகிழக்கில் புதிய வாயில் அமைந்தது. மணல் நிறைவதும் அலை புகுவதும் குறைந்தன. உள்ளே நீர் அமைதியுற்றது. அமைதியான நீர் கிடைத்தவுடன் பாய்மரமும் வந்தது. 1911இல் ஸ்பிரிங் அவர்களின் முயற்சியால் இன்றைய ராயல் மெட்ராஸ் யாட் கிளப் தோன்றியது. துறைமுகத்தில் அக்கழகம் அமைந்துள்ள பகுதி ‘ஸ்பிரிங் ஹேவன்’ என்று அவர் பெயராலேயே வழங்குகிறது.

இத்தகைய கழகங்களின் வாழ்க்கை எப்படிப்பட்டது? விடுமுறை நாளில் குடும்பங்கள் கூடும். ஐந்து நிமிடத்துக்கு முன் கொடி ஏறும்; ஒலி எழும்; படகுகள் கோட்டருகே முந்தியும் பின்னியும் திரிந்து, குறித்த நொடியில் பாயும். கரையில் இருப்போர் தொலைநோக்கியோடு தாழ்வாரத்தில் அமர்ந்திருப்பர். மாலையில் தேநீர்; ஆண்டுக்கொருமுறை ‘ரெகாட்டா’ எனப்படும் பெருவிழா; அதன் முடிவில் வெள்ளிக் கிண்ணங்களும் விருந்தும். தலைவருக்குக் கடற்படையைப் போல் ‘கொமடோர்’ என்று பெயர். நம் சங்கத்தில் செயலாளர், பொருளாளர் என்று நாம் பகுத்துக்கொள்வதைப் போன்றதே இதுவும்.

அவர்தம் விதிகளுள் இரண்டு எம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தன. ஒன்று, காலச் சலுகை. பலவகைப் படகுகள் ஒருங்கே ஓடும்போது, முதலில் கரை சேர்ந்ததே வென்றது என்பதில்லை. படகின் நீளம், பாயின் அளவு முதலியவற்றைக் கருதி, மெதுவாகச் செல்லும் படகின் காலத்தைக் கழித்துக் கணக்கிடுவர். கடைசியாக வந்த பழைய படகு கிண்ணத்தைக் கொண்டுபோவதும் உண்டு. மற்றொன்று, பாய்மரப் போட்டி விதிநூலின் முதல் விதி. வழியில் எவருக்கேனும், எப்படகுக்கேனும் இடர் நேர்ந்தால், போட்டியைவிட உதவியே முதற்கடன் என்கிறது அது. முந்துவதற்கு ஆயிரம் விதி செய்தவர்கள், முதல் விதியாக இதை வைத்தார்கள் அல்லரோ!

ஆனால் நீரில் இத்துணைப் பெருந்தன்மை கொண்ட கழகங்கள், நிலத்தில் எவ்வாறிருந்தன? 1832இல் தோன்றிய மதராஸ் கிளப்பில் நீண்ட காலம் ஐரோப்பியரே உறுப்பினர். பம்பாய் யாட் கிளப்பிலும் அதுவே வழக்கம். சேப்பாக்கம் கிரிக்கெட் மைதானத்தில் ஆட வந்த இந்தியர், ஆட்டக்காரர் மாளிகையில் உணவருந்த இடமின்றி மரத்தடியில் அமர வேண்டியிருந்ததைக் கண்டு மனம் புழுங்கிய புச்சிபாபு நாயுடு, 1888இல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பை அமைத்தார். அதற்கும் முன்பே, 1873இல், சென்னையில் இந்தியர்கள் கூடுவதற்கென்று காஸ்மாபாலிடன் கிளப் எழுந்தது. பம்பாயில் இருசாராரும் சேர்ந்து உறுப்பினராவதற்கென்றே வில்லிங்டன் பிரபு ஒரு கழகம் அமைக்க நேர்ந்தது. நம் இரயில்வேயிலும் பல சந்திப்புகளில் ஐரோப்பியருக்கு ஓர் இன்ஸ்டிட்யூட், இந்தியருக்கு வேறோர் இன்ஸ்டிட்யூட் என்று இரண்டு கட்டடங்கள் நின்றதை முதியோர் கூறக் கேட்டிருக்கின்றோம்.

இதில் பெரிய வியப்பு ஒன்று உண்டு. ‘கட்டமரான்’ என்று இன்று உலகெங்கும் யாட் கிளப்புகளில் வழங்கும் சொல் நம்முடைய கட்டுமரமே. சோழமண்டலக் கரையில் கண்ட கட்டுமரத்தைப் பற்றி டாம்பியர் என்னும் மாலுமி 1697இல் வெளியிட்ட பயண நூலில் எழுதினார். நம் கட்டுமரம் மரங்களைச் சேர்த்துக் கட்டியது. மேனாட்டுக் கட்டமரான் இரண்டு உடல்கள் கொண்ட படகு. வடிவம் வேறாயினும் பெயர் நமதே. 1876இல் அமெரிக்காவில் ஹெரஷாப் என்பவர் கட்டிய அத்தகைய படகொன்று, நியூயார்க் போட்டியில் மற்றவற்றைப் பின்தள்ளி முதலில் வந்தது. வேறு வகைப் படகென்று கூறி அதன் வெற்றியை ஏற்க மறுத்தனர்! சொல் கழகத்துள் புகுந்தது. அச்சொல்லுக்குரிய மக்களோ, படகை நீரில் இறக்கவும் இழுத்துக் கட்டவும் கூலிக்கு நின்றனர்.

ஸ்பிரிங் அவர்களை மட்டும் அவ்வாறு ஒரே சொல்லால் தள்ளிவிட முடியாது. பாய்மரக் கழகம் தோன்றிய மறு ஆண்டு, 1912 மார்ச் முதல் நாள், துறைமுக அலுவலகக் கணக்குப் பிரிவில் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் ஓர் எழுத்தர் சேர்ந்தார். கும்பகோணத்தில் மெட்ரிகுலேஷன் தேறி, எப்.ஏ. தேர்வில் தவறியவர். அவரே கணித மேதை சீனிவாச இராமாநுஜன். அலுவலகத்தில் அவருக்கு மேலிருந்த நாராயண ஐயர் அவர் திறமையை உணர்ந்து தலைவரிடம் எடுத்துரைத்தார். ஸ்பிரிங் செவிசாய்த்தார், அறிஞர்களுக்கு எழுதினார், 1914 பிப்ரவரியில் ஆளுநர் பென்ட்லண்டின் செயலாளருக்கே கடிதம் எழுதினார். அவ்வாண்டு மார்ச் 17ஆம் நாள் இராமாநுஜன் கப்பலேறினார். 1918இல் ராயல் சொசைட்டியின் உறுப்பினரானார். பத்தாம் வகுப்போடு நின்று, எழுத்தர் மேசையில் காலங்கழிக்கும் எம்மைப் போன்றோர்க்கு இவ்வரலாறு கண்ணில் நீர் வருவிப்பது. மேலிருப்பவர் ஒருவர் குனிந்து பார்த்தார். உலகுக்கு ஒரு மேதை கிடைத்தார்.

1947க்குப் பின் ஆங்கிலேயர் ஒவ்வொருவராகத் தாயகம் திரும்ப, கழகங்கள் நம் நாட்டவர் கைக்கு வந்தன. கதவு திறந்ததன் பயன் என்ன? 2021இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்கு இந்தியா அனுப்பிய நால்வரை நோக்குங்கள். சென்னையில் பாய்மரம் பயின்ற நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண். கே. சி. கணபதியும் வருண் தக்கரும் சென்னையர். விஷ்ணு சரவணன் வேலூரில் பிறந்த படைவீரர். அறைக்கு வெளியே நின்ற நாட்டின் பிள்ளைகள், உலகக் கடலில் தேசக்கொடியோடு ஓடினர். எம் மகள் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கூறுவோம்: “அவர்கள் நம்மவர், அம்மா. கதவு திறந்ததால் போகிறார்கள்.”

இனி நம் சங்கத்துக்கு வருவோம். திம்பம் மலைப்பாதை ஏறியும், இரயிலேறியும் பிழைப்புத் தேடி வந்த நாம், தாய்மொழி நாவில் நிலைக்க வேண்டுமென்று இச்சங்கத்தை வளர்த்து வருகிறோம். பொங்கல் விழாவும், பிள்ளைகளின் நாடகமும், தமிழ் வகுப்பும் நமக்கு வெள்ளிக் கிண்ணங்களைவிடப் பெரியவை. இவற்றில் குறை கூற எமக்கு உரிமையில்லை. எம் குறையொன்றை மட்டும் இங்கே ஒப்புக்கொள்கின்றோம்.

சென்ற ஆண்டு விழாவன்று, வாயிலில் ரசீதுப் புத்தகத்தோடு அமர்ந்திருந்தவர் யாமே. சந்தா செலுத்திய குடும்பங்களின் பெயரைப் பார்த்து உள்ளே விட வேண்டும் என்பது எமக்கு இட்ட பணி. நாடகம் தொடங்கும் வேளையில், கருங்கல் குவாரியில் உழைக்கும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வேலிக்கு வெளியே வந்து நின்றனர். உள்ளே பேசும் தமிழ் அவர்கள் காதில் விழுந்திருக்க வேண்டும். பட்டியலில் பெயரில்லை, ஆகவே யாம் எழுந்து அழைக்கவில்லை. உள்ளே வெறும் நாற்காலிகள் இருந்தன. மூத்த சிறுமி, சிறிய தம்பியை இடுப்பில் தூக்கிக் காட்டிக்கொண்டே நாடகம் முழுவதையும் பார்த்தாள். முடிந்ததும் அவர்கள் சென்றுவிட்டனர். கணக்கை ஒரு காசு பிழையின்றி ஒப்படைத்தோம். பொருளாளர் பாராட்டினார். அன்றிரவு உறக்கம் வரவில்லை.

சேப்பாக்கத்து மரத்தடியைப் பற்றிப் படித்தபோது அந்த வேலியே எம் கண்முன் நின்றது. நம்மை வெளியே நிறுத்தியவர் வெள்ளையர்; அப்பிள்ளைகளை வெளியே நிறுத்தியது எம் கையிலிருந்த ரசீதுப் புத்தகம். நிறம் வேறு, நியாயம் வேறு என்று கூறி ஆறுதல் கொள்ளலாம். வேலிக்கு வெளியே நிற்கும் பிள்ளைக்கு அவ்வேறுபாடு விளங்குமோ?

ஆகவே செயற்குழுவினருக்கும் அன்பர்களுக்கும் பணிவோடு ஒரு வேண்டுகோள். சந்தா வேண்டாம் என்று யாம் கூறவில்லை. சந்தாவின்றிச் சங்கம் நடவாது. படகுக் கழகத்தார் மெதுவான படகுக்குக் காலச் சலுகை தருவது போல், கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்கு இயன்றதைச் செலுத்தும் உறுப்பினர் முறை ஒன்றை வகுப்போம். அவர்தம் பிள்ளைகளைத் தமிழ் வகுப்பில் கட்டணமின்றிச் சேர்ப்போம். இவ்வாண்டு விழாவன்று வாயிலில் ரசீதுப் புத்தகத்தை வைக்காமல், சந்தனமும் கற்கண்டும் வைப்போம். வாயிற்பணியை மீண்டும் எமக்கே அளிக்குமாறு வேண்டுகின்றோம். வேலியோரம் வந்து நிற்பவரை எழுந்து சென்று அழைத்துவர இம்முறை யாம் தவறமாட்டோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!