எரிபொருள் தொட்டி அகற்றலுக்குப் பிந்தைய மண் பரிசோதனை

பெட்ரோல் பங்கில் புதைத்த பழைய இரும்புத் தொட்டியைத் தோண்டி எடுத்தபின், எரிபொருள் கசிந்து மண்ணையும் நிலத்தடி நீரையும் கெடுத்துள்ளதா என்று அறியச் செய்யும் ஆய்வு.

மாதிரி எடுத்தல்: தொட்டியின் அடிப்பகுதி, எரிபொருள் நிரப்பும் குழாயின் கீழ், குழாய் இணைப்புகள், பம்புகளுக்கு அடியில் என்று கசிவு எளிதில் நேரும் இடங்களிலிருந்து மண் எடுக்கப்படும். எளிதில் ஆவியாகும் பென்சீன் தப்பிவிடாதபடி, கண்ணாடிக் குப்பியில் இடைவெளியின்றி மண்ணை அடைத்து, இறுக மூடி, ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே வாயு நிறப்பகுப்பு முறையில் பென்சீன், டொலுவீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவை அளவிடப்படும்.

தேவை: பென்சீன் புற்றுநோயை உண்டாக்கும். குடிநீரில் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்பதே உலகச் சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு. பெட்ரோல் நீரைவிட லேசானது. நிலத்தடி நீர்மட்டத்தின் மேல் மிதந்து பரவும்.

தமிழ்நாட்டில்: 2013-இல் சென்னை தண்டையார்பேட்டையில் நிலத்தடிக் குழாய்க் கசிவால் வீட்டு ஆழ்துளைக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது; வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது. அங்கே கசிந்தது தொட்டி அல்ல, குழாய். ஆனால் மண்ணுக்கு நேரும் கேடு ஒன்றே. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் ஏரியும் குடியிருப்பும் அடுத்தடுத்து அமைந்த படப்பை போன்ற ஊர்களுக்கு இது நேரடிப் பாடம். குழியை மூடும் முன்பே மண்ணைச் சோதிப்பதுதான் கிணற்றைக் காக்கும் வழி.