ஆபரேஷனுக்கு முன்பு வாயைத் திறக்கச் சொல்வது ஏன்? வீடியோ லாரிங்கோஸ்கோப் என்ன செய்யும்?

ஆபரேஷன் தேதி குறிச்சாச்சு. அதற்கு முன்பு மயக்க மருந்து டாக்டர் வந்து, "வாயை நல்லா திறங்க, நாக்கை நீட்டுங்க, கழுத்தைப் பின்னால சாய்ங்க" என்பார். வயிற்றில்தானே ஆபரேஷன், வாயில் என்ன வேலை என்று பலருக்கும் தோன்றும். அவர் பார்ப்பது உங்கள் மூச்சுப்பாதையை.

முழு மயக்கம் கொடுத்து, தசைகளைத் தளர்த்தும் மருந்தும் போட்டுவிட்டால் நோயாளியால் தானாக மூச்சு விட முடியாது. அதனால் பல ஆபரேஷன்களில் வாய் வழியாக ஒரு பிளாஸ்டிக் டியூபை மூச்சுக்குழாய்க்குள் செலுத்தி மெஷினோடு இணைப்பார்கள். இதுதான் இன்டியூபேஷன். முன்கூட்டியே ஆக்சிஜன் கொடுத்திருந்தாலும், டாக்டர் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். கர்ப்பிணிகள், உடல் பருமன் உள்ளவர்கள், சின்னக் குழந்தைகளுக்கு அது இன்னும் குறைவு.

பழைய கருவியில் என்ன சிக்கல்?

ஒரு கைப்பிடி, வளைந்த பிளேடு, சின்ன லைட். இவ்வளவுதான் சாதாரண லாரிங்கோஸ்கோப். ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் ராபர்ட் மெக்கின்டாஷ் 1943-ல் அறிமுகம் செய்த வளைந்த பிளேடு இன்றைக்கும் புழக்கத்தில் இருக்கிறது. நாக்கை ஒதுக்கித் தூக்கி, வெளியே இருந்தபடி குரல்நாண்களை நேராகப் பார்க்க வேண்டும். ஆனால் வாயும் தொண்டையும் நேர்கோட்டில் இல்லையே! தாடை சிறியவர்கள், விபத்தில் கழுத்தில் அடிபட்டு அதை அசைக்கக் கூடாதவர்கள் என்றால் திண்டாட்டம்தான்.

ஒரு முயற்சி தோற்றால் தொண்டை வீங்கலாம், ரத்தம் கசியலாம். அடுத்த முயற்சி இன்னும் கஷ்டமாகும். அதனால்தான் பிரிட்டனின் டிஃபிகல்ட் ஏர்வே சொசைட்டி தனது 2015 வழிகாட்டுதலில், அதிகபட்சம் 3 முயற்சி, அதன்பின் அனுபவம் கூடிய இன்னொருவர் ஒரே ஒரு முறை என்று வரம்பு வைத்தது.

கேமரா வந்ததும் என்ன மாறியது?

கனடா அறுவை சிகிச்சை நிபுணர் ஜான் பேசி உருவாக்கிய கிளைட்ஸ்கோப் 2001-ல் வந்தது. பிளேடின் நுனிக்குப் பக்கத்தில் கேமரா, வெளியே ஸ்கிரீன். டாக்டரின் கண்ணே தொண்டைக்குள் போய் உட்கார்ந்த மாதிரி. இன்னொரு லாபமும் உண்டு. முன்பு ஒருவர் மட்டுமே பார்த்ததை இப்போது உதவியாளரும் சீனியரும் சேர்ந்தே பார்க்கலாம்.

அமெரிக்காவில் எமர்ஜென்சி, ஐசியு பிரிவுகளில் 1,417 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. டியூப் போட்டவர்களில் பெரும்பாலானோர் பயிற்சி டாக்டர்கள். முதல் முயற்சியிலேயே டியூப் போட முடிந்தது வீடியோ கருவியில் 85.1%, சாதாரண கருவியில் 70.8%. ஆனால் கடுமையான சிக்கல்கள் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு. இதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

ஏன்னா, பார்ப்பது வேறு, டியூபைப் போடுவது வேறு. அதிகம் வளைந்த பிளேடில் குரல்நாண் பளிச்சென்று தெரியும், டியூப் மட்டும் திரும்பாது. உள்ளே ஸ்டைலட் எனும் கம்பியை விட்டு, பிளேடு போலவே வளைத்துக் கொண்டுபோக வேண்டும். ஸ்கிரீனையே பார்த்துக்கொண்டு டியூபைத் தள்ளினால் அண்ணத்திலோ டான்சிலிலோ குத்திவிடும் ஆபத்தும் இருக்கிறது. ரத்தம், வாந்தி பட்டால் கேமராவில் ஒன்றுமே தெரியாது.

டியூப் தவறி உணவுக்குழாய்க்குள் போய், அதைக் கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. சரியான இடத்தில் இருக்கிறதா என்பதை உறுதி செய்வது கேப்னோகிராஃப். ஒவ்வொரு மூச்சுக்கும் கார்பன் டை ஆக்சைடு அலை தெரிய வேண்டும். அலை இல்லை என்றால், ஸ்கிரீனில் என்ன பார்த்திருந்தாலும் டியூப் தவறான இடத்தில் இருப்பதாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நீங்கள் சொல்ல வேண்டியது

பாக்கு, குட்கா மென்று வாய் இறுகிப்போனவர்கள் நம் ஊரில் நிறைய. வாயே திறக்காவிட்டால் வீடியோ கருவியும் உள்ளே போகாது. முன்பே தெரிந்தால், மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டு, விழித்திருக்கும்போதே டியூப் போட ஏற்பாடு செய்வார்கள். ஆடும் பல், பல்செட், தூக்கத்தில் மூச்சு நிற்கும் அளவு குறட்டை, கழுத்தில் ரேடியேஷன், எதையும் மறைக்காதீங்க. முன்பு ஒரு ஆபரேஷனில் "டியூப் போட சிரமமா இருந்துச்சு" என்று சொல்லியிருந்தால், அந்த டிஸ்சார்ஜ் சம்மரியைத் தேடி எடுத்துக்கொண்டு போங்க.